பெயின்ட் பில்லும் வாடகை வரியும்

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் ஜூலை பிறந்தால் என் மேஜைக்கு ஒரு மஞ்சப்பையாவது வந்துவிடும். போன வருஷம் வந்தவர் பையைத் திறந்து பெயின்டர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு, பிளம்பர் பில், புரோக்கர் கமிஷன் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். "சார், அறுபதாயிரம் செலவாகியிருக்கு. வாடகையில கழிச்சிடலாம்ல?"

கழிக்க முடியாது. பெயின்ட், ரிப்பேர், புரோக்கர் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சட்டம் வாடகை வருமானத்தில் 30 சதவீதக் கழிவு கொடுக்கிறது. நீங்கள் ஒரு ஆணி கூட அடிக்காவிட்டாலும் அந்த 30 உண்டு. லட்ச ரூபாய்க்கு மராமத்து பார்த்தாலும் அதே 30தான்.

அவர் கணக்கையே பாருங்கள். மாத வாடகை 25,000, வருஷத்துக்கு 3 லட்சம். கட்டிய சொத்து வரி 12,000 போனால் 2,88,000. அதில் 30 சதவீதம், அதாவது 86,400 கழித்தால் 2,01,600. வீட்டுக் கடன் வட்டி 1,40,000 போக, வருமானத்தில் சேர்வது 61,600 மட்டுமே. பெயின்ட் சீட்டுக்கு இங்கே வேலையே இல்லை. பையில் இருந்திருக்க வேண்டியது சொத்து வரி ரசீது. அது இல்லை!

சொத்து வரியில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்த வருஷத்துக்கான வரி என்பதை விட, எந்த வருஷம் கட்டினீர்கள் என்பதுதான் கணக்கு. பாக்கி வைத்திருந்தால் கழிவு கிடையாது. இரண்டு வருஷ பாக்கியை ஒரே வருஷத்தில் கட்டினால் இரண்டும் அந்த வருஷமே கழியும். குடித்தனக்காரரையே கட்டச் சொல்லியிருந்தால் உங்களுக்குக் கழிவு இல்லை. சென்னை மாநகராட்சியில் ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை வேறு. எதற்கு விடுவானேன்?

வட்டிக்கு வருவோம். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வட்டி முழுவதையும் கழிக்கலாம். அதனால் நஷ்டம் வந்தால், பழைய வரி முறையில் சம்பளம் முதலான மற்ற வருமானத்தோடு வருஷத்துக்கு 2 லட்சம் வரை ஈடுகட்டலாம். மீதியை 8 வருஷம் வரை அடுத்தடுத்த வாடகை வருமானத்தில் கழிக்கலாம். புதிய முறையில் சம்பளத்தோடு ஈடுகட்டவே முடியாது. பெரிய கடன் எடுத்து இரண்டாவது ஃபிளாட் வாங்கியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

அப்புறம் அந்தப் பழைய யோசனை: "வீட்டுக்காரி பேர்ல வாங்கிட்டா வரி இல்லையே?" பணம் உங்களுடையது என்றால், பத்திரத்தில் மனைவி பெயர் இருந்தாலும் வாடகை உங்கள் வருமானம்தான். வாடகை அவர் கணக்கில் விழுவதால் ஒன்றும் மாறாது. அவர் தன் சம்பளத்திலோ சீதன நகையை விற்றோ வாங்கியிருந்தால் அது அவர் வருமானம். அதற்கான வங்கிக் கணக்கையும் நகை விற்ற ரசீதையும் பத்திரத்தோடேயே வைத்திருங்கள்.

வாடகையைக் கையில் வாங்கினால் தெரியாது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடித்தனக்காரர் தன் ஆபீசில் எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) வரிச் சலுகை கேட்கும்போது, வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் உங்கள் பான் எண்ணை அங்கே கொடுக்கத்தான் வேண்டும். மாத வாடகை 50,000ஐத் தாண்டினால் அவரே வாடகையில் 2 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டும். இரண்டுமே உங்கள் பான் எண்ணோடு போய்ச் சேரும்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசிக்கும் என்.ஆர்.ஐ.யாக இருந்தால் குடியிருப்பவர்தான் உஷாராக இருக்க வேண்டும். அங்கே 50,000 என்ற வரம்பு இல்லை. பிடித்தம் செஸ்ஸோடு (வரி மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 31.2 சதவீதம். பிடிக்காமல் விட்டால் துறை கேட்பது சிங்கப்பூரில் இருக்கும் ஓனரை அல்ல, வாடகை கொடுத்த உங்களை.

மஞ்சப்பைக்காரர் சீட்டுகளை மறுபடி உள்ளே போடும்போது, அடியில் மடங்கிக் கிடந்த ஒரு கொத்தனார் பில் கண்ணில் பட்டது. மாடியில் புதிதாக ஓர் அறை எழுப்பியதற்கானது. அதை மட்டும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய, அதாவது விற்ற லாபக் கணக்கில், செலவாகக் காட்டத் தேவைப்படும். "வாடகைக்கு ஆகாதது விற்கும்போது ஆகுமா?" என்று சந்தேகமாகவே வாங்கிக்கொண்டு போனார்.