சரிபார்ப்புக் கட்டணம் யார் தலையில்?

அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பார்க்க அனுமதி கேட்டு நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி வரும்: படிப்புக்கும் வேலைக்கும் நடுவில், அல்லது ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில், சும்மா இருந்த மாதங்கள் உண்டா? உண்டென்றால் எதற்காக? பிள்ளைப்பேறு, அப்பாவைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டது, தேர்வுக்குப் படித்தது, எதுவானாலும் தேதியோடு எழுத வேண்டும். உடன் வேலை பார்த்தவர்களின் பெயர்கள், தடுப்பூசிப் பதிவு, இதுவரை யாராவது வழக்குப் போட்டிருக்கிறார்களா என்ற விவரம், எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தால் கையெழுத்துப் போடும் இடம். அதற்குக் கீழே பல இடங்களில் இன்னொரு வரியும் இருக்கும்: விண்ணப்பக் கட்டணம் இவ்வளவு, திருப்பித் தரப்படாது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிசிஷியன் அசிஸ்டென்ட் அந்த வரியில்தான் திகைத்து நிற்கிறார். வேலை உறுதியாகிவிட்டது, சேரும் தேதியும் குறித்தாயிற்று. இந்தப் பணத்தை மட்டும் யார் கட்டுவது?

யார் இந்த பிசிஷியன் அசிஸ்டென்ட் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் பற்றாக்குறையைச் சமாளிக்க 1965இல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் தொடங்கிய படிப்பிலிருந்து பிறந்த தொழில் இது. கடற்படையில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து பழகிய நான்கு பேர் முதலில் சேர்ந்தார்கள். அவர்களில் மூன்று பேர் 1967 அக்டோபர் 6 அன்று படித்து முடித்தார்கள். இன்று இவர்கள் நோயைக் கண்டறிகிறார்கள், மருந்து எழுதுகிறார்கள், அறுவை சிகிச்சையில் சர்ஜனுக்கு எதிரே நின்று கைகொடுக்கிறார்கள். தேசியத் தேர்வில் தேறிச் சான்று பெற்றவர்கள் 1,70,000 பேருக்கு மேல். இந்தியாவில் இந்தப் படிப்பு முதலில் வந்தது சென்னைக்குத்தான். 1992இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே. எம். செரியன் அதைத் தொடங்கினார்.

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம். தேசியத் தேர்வில் தேறியவர், மாநிலத்தின் உரிமம் வைத்திருப்பவர். அப்படியிருந்தும் மருத்துவமனை ஏன் முதலிலிருந்து கிளற வேண்டும்?

மாப்பிள்ளை வீட்டைப் பற்றித் தரகர் எவ்வளவு நல்லவிதமாகச் சொன்னாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்த ஊருக்கே ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். மருத்துவமனை செய்வதும் அதேதான். விண்ணப்பித்தவர் நீட்டும் சான்றிதழ் நகலை அது ஏற்காது. படித்த கல்லூரியையே கேட்கும், தேர்வு நடத்திய அமைப்பையே கேட்கும், உரிமம் கொடுத்த மாநில வாரியத்தையே கேட்கும். இதற்குத்தான் கிரெடென்ஷியலிங் என்று பெயர்.

இந்த விசாரணை சும்மா வந்துவிடவில்லை. இல்லினாய் மாநிலத்தில் 1960 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து விளையாட்டில் கால் முறிந்த 18 வயதுக் கல்லூரி மாணவரை சார்ல்ஸ்டன் கம்யூனிட்டி மெமோரியல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். போட்ட மாவுக்கட்டு இறுகிப்போய், ரத்த ஓட்டம் கெட்டு, கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. தவறு செய்தது மருத்துவர்தானே, கட்டடத்துக்கு என்ன பொறுப்பு என்ற வாதம் அதுவரை எடுபட்டுவந்தது. அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1965இல் அதைத் தள்ளி, மருத்துவமனைக்கும் நேரடிப் பொறுப்பு உண்டு என்றது.

அடுத்தது விஸ்கான்சினில். மிசரிகார்டியா கம்யூனிட்டி மருத்துவமனையில் 1975இல் ஒரு நோயாளியின் இடுப்பிலிருந்து உலோகக் கம்பித் துண்டு ஒன்றை எடுக்கும்போது தொடையின் முக்கிய நரம்பும் தமனியும் அறுபட்டன. கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வழக்கில் வெளிவந்தது என்னவென்றால், அந்த சர்ஜனுக்கு வேறு மருத்துவமனைகள் ஏற்கெனவே அனுமதி மறுத்தும் குறைத்தும் இருந்தன. விண்ணப்பத்தில் அவர் அதைச் சொல்லவில்லை, சில கேள்விகளைக் காலியாகவே விட்டிருந்தார். அந்த வேறு மருத்துவமனைகளை ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், ஆகவே மருத்துவமனையே பொறுப்பு என்று 1981இல் தீர்ப்பு வந்தது. காலியாக விட்ட ஒரு கட்டத்தைக்கூட அமெரிக்க மருத்துவமனை அலுவலகங்கள் ஏன் துருவித் துருவிக் கேட்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதன் பிறகு 1986இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்து, 1990 செப்டம்பரில் தேசியத் தரவு வங்கி ஒன்று திறக்கப்பட்டது. சிகிச்சைத் தவறுக்காகக் கொடுத்த இழப்பீடுகள், உரிமத்தின் மேல் எடுத்த நடவடிக்கைகள் எல்லாம் அதில் பதிவாகும். ஒருவர் புதிதாக அனுமதி கேட்கும்போதும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மருத்துவமனை அதைக் கேட்டே ஆக வேண்டும். ஒருமுறை கேட்க ஆகும் செலவு சில டாலர்தான்.

செலவு பிடிப்பது மனித உழைப்பில். பதில் போடாத கல்லூரிக்கு மறுபடி எழுத வேண்டும், பரிந்துரைக் கடிதம் தர மறந்த மருத்துவரை நினைவூட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்த பிறகு கோப்பு துறைத் தலைவரிடம் போகும், அங்கிருந்து சரிபார்ப்புக் குழுவுக்கு, பிறகு மருத்துவர்களின் செயற்குழுவுக்கு, கடைசியில் நிர்வாகக் குழுவுக்கு. மாதம் ஒருமுறை மட்டும் கூடும் குழுவின் தேதியை ஒரு நாள் தவறவிட்டால் அடுத்த மாதம்தான். இவர்கள் ஒப்புதல் தருவது ஆளுக்கு மட்டும் அல்ல, வேலை வேலையாகவும் தருகிறார்கள். தையல் போடலாம், முதுகுத்தண்டில் நீர் எடுக்கலாம், நெஞ்சில் குழாய் போடலாம், அறுவை சிகிச்சையில் முதல் உதவியாளராக நிற்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். எத்தனை முறை செய்திருக்கிறார் என்ற கணக்கைப் பார்த்துத்தான் அதில் குறியிடுவார்கள். அனுமதி கிடைத்த பிறகும் தொடக்கக் காலத்தில் அவர் செய்வதை மூத்தவர்கள் பார்த்து மதிப்பிடுவார்கள்.

இவ்வளவுக்கும் விண்ணப்பதாரரிடம் கேட்கும் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், பெரும்பாலும் சில நூறு டாலர்களுக்குள் இருக்கும். சில இடங்களில் ஆண்டுச் சந்தாவும் உண்டு. கட்டணமே வாங்காத மருத்துவமனைகளும் இருக்கின்றன. இதை இன்னார்தான் கட்ட வேண்டும் என்று சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. ஆகவே பெரும்பாலும் வேலை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கிறது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மருத்துவமனையே சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுத்தால் கேள்வியே எழாது. தன் ஊழியரிடமே அது கட்டணம் கேட்பது அரிது. தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாகப் போனாலும் பெரும்பாலும் ஏஜென்சியே பார்த்துக்கொள்ளும். சிக்கல் தனியார் மருத்துவர் குழுக்களில்தான். எலும்பு மருத்துவர்கள் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு கிளினிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைகளை அவர்கள் இரண்டு மருத்துவமனைகளிலும் ஒரு தனி சர்ஜரி சென்டரிலும் செய்கிறார்கள். அவர்களிடம் சேர்கிற அசிஸ்டென்ட் மூன்று இடத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சம்பளம் கொடுப்பது கிளினிக், கட்டணம் கேட்பது மருத்துவமனை, விண்ணப்பத்தில் இருப்பதோ அசிஸ்டென்டின் பெயர். பெயர் இருக்கிறவர்தான் கட்ட வேண்டும் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். நல்ல கிளினிக்குகள் தாமே கட்டிவிடுகின்றன, மற்றவை ஒப்பந்தத்தில் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

என் கருத்து இதில் தெளிவானது. ஆளோடு போவது எது, இடத்தோடு நிற்பது எது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பமே இல்லை. 550 டாலர் கட்டி எழுதும் தேசியத் தேர்வின் சான்று ஆளோடு போகும், எந்த வேலைக்குப் போனாலும் அது அவருடையது. மாநில உரிமமும் அப்படியே. மருத்துவமனை தரும் அனுமதியோ அந்த வாசலைத் தாண்டினால் செல்லாது. பக்கத்துத் தெரு மருத்துவமனைக்குக்கூட மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போதாக்குறைக்கு, பல இடங்களில் அசிஸ்டென்டின் அனுமதி அவரை வேலைக்கு வைத்திருக்கும் மருத்துவரோடு கட்டப்பட்டிருக்கும், அந்த வேலை போனால் அனுமதியும் போய்விடும். கையில் எடுத்துக்கொண்டு போக முடியாத ஒன்றுக்கு ஊழியர் ஏன் காசு கொடுக்க வேண்டும்? கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதுவதற்கான கூட்டாட்சிப் பதிவு, மூன்று ஆண்டுக்கு 888 டாலர், இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெயர் ஊழியருடையது, ஆனால் இன்னொரு மாநிலத்திலும் மருந்து எழுதினால் அங்கே தனிப் பதிவு தேவைப்படும். மருத்துவமனை ஊழியர்கள் சில நிபந்தனைகளோடு மருத்துவமனையின் பதிவின்கீழேயே மருந்து எழுதவும் விதி இடம் தருகிறது.

பலன் யாருக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், அசிஸ்டென்ட் செய்யும் சேவைக்கு மருத்துவருக்கான தொகையில் 85 சதவீதம் கொடுக்கிறது. 2021 முடியும்வரை அந்தப் பணம் அசிஸ்டென்டுக்கு நேரடியாகப் போகவே முடியாது, வேலை கொடுத்தவருக்குத்தான் போகும். 2022 ஜனவரி முதல் நேரடியாகப் பெற வழி பிறந்திருக்கிறது. ஆனாலும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் அதை முதலாளிக்கே எழுதிக்கொடுப்பதுதான் வழக்கம். அனுமதியால் வரும் வருமானம் கிளினிக்குக்கு, அனுமதிக்கான செலவு ஊழியருக்கு என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

வரியையும் கவனிக்க வேண்டும். ஊழியர் தன் தொழிலுக்காகச் செய்த செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளும் வசதியைக் கூட்டாட்சி வரிச் சட்டம் 2018 முதல் எடுத்துவிட்டது. மணமாகாத ஒருவர் இந்தத் தொழிலின் சராசரிச் சம்பளத்தில் இருந்தால், 500 டாலர் கட்டணம் கட்ட அவர் 700 டாலருக்கு மேல் சம்பாதித்திருக்க வேண்டும். அதே தொகையைக் கிளினிக் கட்டினால் அது தொழில் செலவு. ரசீது வாங்கிக்கொண்டு ஊழியருக்குத் திருப்பிக் கொடுத்தாலும் அது அவருடைய வருமானத்தில் சேராது.

ஆனால் இந்தச் சில நூறு டாலரைவிடப் பெரிய செலவு காத்திருப்பு. இந்தத் தொழிலின் நடுமட்டச் சம்பளம் 2024 மே நிலவரப்படி ஆண்டுக்கு 1,33,260 டாலர், மாதத்துக்குச் சுமார் 11,100. குழு கூடும் தேதி தவறி அனுமதி ஒரு மாதம் தள்ளிப்போனால், சம்பளம் தொடங்கிவிட்ட கிளினிக்குக்கு அவ்வளவு நட்டம், தொடங்காத ஊழியருக்கு அவ்வளவு இழப்பு. இதற்கு இணையாக, சிகிச்சைக்குப் பணம் வர, காப்பீட்டு நிறுவனங்களிலும் அசிஸ்டென்டின் பெயர் சேர வேண்டும், அதற்கும் சில மாதங்கள் ஆகும். மெடிகேர் 30 நாள் வரை பின்தேதியிட்டுப் பணம் கேட்க விடுகிறது, தனியார் நிறுவனங்கள் பல அப்படி விடுவதில்லை. அதனால்தான் கட்டணத்தைப் பற்றிக் கேட்கும் அதே மூச்சில் சம்பளம் எந்த நாளிலிருந்து என்றும் கேட்டுவிட வேண்டும். விண்ணப்பம் முழுமையாக இருந்து குழுவின் முடிவுக்குக் காத்திருக்கும் நிலையில், 120 நாள் வரை தற்காலிக அனுமதி கொடுக்கவும் விதிகளில் இடம் உண்டு. அதைக் கேட்டுப் பார்க்கலாம், கேட்காமல் யாரும் முன்வந்து தருவது குறைவு.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு இடங்களில் விரல் வைத்துப் படிக்க வேண்டும். ஓராண்டுக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்பது ஒன்று. அப்படி இருந்தால், வேலையை விட்டு நீக்கப்பட்டாலும் அது பொருந்துமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றொன்று, புதுப்பிப்பு. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2022 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுநியமனம் கேட்டது, இப்போது மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் மூன்று ஆண்டு வரை விடுகிறது. அந்த நாள் வரும்போது அதே படிவம் மறுபடி வரும், இந்த முறையும் பல இடங்களில் கட்டணத்தோடு. ‘முதல் நியமனக் கட்டணம்’ என்று மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தால், ‘புதுப்பிப்புக் கட்டணமும்’ என்ற இரண்டு சொற்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்கு அதுதான் சரியான நேரம்.