சிங்கப்பூர்ல 96 மணி நேரம் விசா இல்லாம இறங்குறது: குடும்பத்தோட போறவங்க டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

நம்ம திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் இருந்து மெல்போர்னுக்கும் சிட்னிக்கும் பிள்ளைகளைப் பாக்கப் போற பெரியவங்க, லீவுக்கு ஊருக்கு வந்துட்டு திரும்புற குடும்பங்க, இவங்கள்ல நெறைய பேரு சிங்கப்பூரு வழியாத்தான் போறாவ. திருவனந்தபுரத்துலயோ திருச்சியிலயோ ஏறினா நாலு, நாலரை மணி நேரத்துல சிங்கப்பூரோட சாங்கி ஏர்போர்ட் வந்துரும், அங்கருந்து ஆஸ்திரேலியாவுக்கு இன்னும் ஏழு எட்டு மணி நேரம். இம்புட்டு தூரத்தை ஒரே மூச்சுல போனா சின்னப் பிள்ளைகளும் தாங்காது, கால் வீங்குற ஆச்சியும் தாங்க மாட்டா, அதனால நடுவுல ரெண்டு மூணு நாளு சிங்கப்பூர்ல இறங்கி ஊரையும் பாத்துட்டு போலாம்னு நினைக்கிறது ரொம்ப நியாயமான ஆசை. அப்படி பேச்சு எடுத்த உடனே யாராவது ஒருத்தர் "அதுக்கு விசாவே வேண்டாம்லா, 96 மணி நேரம் ஃப்ரீ"ன்னு சொல்லுவாவ. அந்த ரூல் இருக்கு, உண்மைதான், ஆனா எல்லாருக்கும் இல்ல. அது யாருக்கு, யாருக்கு இல்லங்கிறதத்தான் இங்க சொல்லுதேன்.

சிங்கப்பூருக்குள்ள போக இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும், இதுதான் பொது விதி. அதுக்கு ஒரு விலக்கா அங்க உள்ள ஐசிஏ, அதாவது குடிநுழைவு சோதனைச் சாவடி ஆணையம், விசா ஃப்ரீ டிரான்சிட் ஃபெசிலிட்டின்னு ஒண்ணு வச்சிருக்கு. இந்தியர்களுக்கு அதுல என்ன கேக்காவன்னா, நீங்க மூணாவது நாடு ஒண்ணுக்கு போற வழியிலயோ அங்கருந்து திரும்புற வழியிலயோ இருக்கணும், 96 மணி நேரத்துக்குள்ள சிங்கப்பூரை விட்டுக் கிளம்புற டிக்கெட் கையில கன்ஃபர்ம் ஆகி இருக்கணும், அதோட ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா இந்த எட்டு நாட்டுல ஏதாவது ஒண்ணு குடுத்த விசாவோ லாங் டேர்ம் பாஸோ (அங்க நெறைய நாளு தங்குறதுக்கான அனுமதி) செல்லுபடியா இருக்கணும். பாஸ்போர்ட்டுல ஆறு மாசம் பாக்கி இருக்கணும்ங்கிறது எப்பவும் உள்ளது. இதுக்குன்னு தனியா அப்ளிகேஷனோ ஃபீஸோ கிடையாது, போய் இறங்கி கேட்டாத்தான் உண்டு, கடைசி முடிவு கவுண்டர்ல உக்காந்திருக்குற ஆபீசரு கையில.

இந்த ரூலை ஆளு ஆளா வச்சுத்தான் பாக்கணும். குடும்பத் தலைவருக்கு அமெரிக்கா விசா இருக்குன்னா அது அவரு ஒருத்தருக்குத்தான், கூட வர்ற பொண்டாட்டி பிள்ளைகளுக்கு அது நிழல் குடுக்காது. கைக்குழந்தையா இருந்தாலும் அது பாஸ்போர்ட்டுல அதுக்குன்னு விசா இருக்கணும். இன்னொரு பக்கம், அங்கயே பொறந்து ஆஸ்திரேலிய பாஸ்போர்ட் வச்சிருக்குற பேரப்பிள்ளைகளுக்கு சிங்கப்பூர் விசாவே தேவையில்ல, அந்தப் பிள்ளைக நேரா போயிரும் (ஆனா அதுகளுக்கு இந்தியாவுக்குள்ள வர ஓசிஐ கார்டோ (வெளிநாட்டு குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு நம்ம அரசு குடுக்குற கார்டு) இ-விசாவோ வேணும், அதை மறந்துராதீங்க). அதனால ஒரே குடும்பத்துல நாலு பேருக்கு நாலு விதமா சட்டம் வரலாம். ஒரு பேப்பரை எடுத்து ஒவ்வொருத்தர் பேரா எழுதி, எந்த நாட்டு பாஸ்போர்ட், எந்த நாட்டு விசா, எப்போ முடியுதுன்னு பக்கத்துல குறிச்சுட்டு, அதுக்குப் பொறவு டிக்கெட் பாருங்க. ஒருத்தருக்கு சேரலன்னாலும் அவருக்கு மட்டும் சாதாரண விசா எடுத்துறலாம், அதுக்காக மொத்த பிளானையும் விட வேண்டாம்.

அந்த விசா எப்போ முடியுதுங்கிறது ஏன் முக்கியம்னா, நீங்க சிங்கப்பூருக்குள்ள நுழையிற தேதியில இருந்து குறைஞ்சது ஒரு மாசமாவது அந்த நாட்டு விசாவுல பாக்கி இருக்கணும்னு ரூல்ல இருக்கு. இது நம்ம பெரியவங்களத்தான் நேரா தொடுது. மக பேறுகாலத்துக்குன்னு போய் விசா முடியுற வரைக்கும் பேரப்பிள்ளை கூடவே இருந்துட்டு கடைசி வாரத்துல திரும்புற அம்மா அப்பா எத்தனையோ பேரு இருக்காவ. போகும்போது அவங்களுக்கு இந்த வசதி உண்டு, திரும்பும்போது ஒரு மாச பாக்கி இல்லாததால அது கிடைக்காது. அதனாலதான் ஸ்டாப்ஓவரை, அதாவது நடுவுல இறங்கித் தங்குறதை, போற வழியிலயே வச்சுக்கோங்கன்னு சொல்லுதேன். ஒரே ஒரு தடவை நுழைய விடுற சிங்கிள் என்ட்ரி விசாவை ஒரு தடவை உபயோகிச்சாச்சுன்னா அவ்வளவுதான்னு இல்ல, அந்த நாட்டுல இருந்து ஊருக்கு திரும்புற வழியில, நடுவுல இந்தியாவுக்கு வந்துட்டு போகாம இருந்தா, அனுமதிக்க வழி வச்சிருக்காவ. ஆனா வயசானவங்களை தனியா அனுப்பும்போது இப்படிப்பட்ட இழுபறியில விட வேண்டாம்ங்கிறது என் கருத்து, அவங்களுக்கு ஒழுங்கா விசா எடுத்துக் குடுத்துருங்க.

அடுத்தது அந்த மூணாவது நாடு. கையில அமெரிக்கா விசா இருக்கு, அதை வச்சு திருவனந்தபுரத்துல இருந்து சிங்கப்பூர், திரும்ப திருவனந்தபுரம்னு ஒரு டூர் அடிச்சுட்டு வந்துரலாமான்னு கேட்டா, முடியாது, அது டிரான்சிட் இல்ல, அதுக்கு சாதாரண விசாதான். கிளம்புற டிக்கெட்டும் விமானமாவோ கப்பலாவோ இருக்கணும், பக்கத்துல மலேசியாவுல உள்ள ஜோகூருக்கு பஸ்ல போயிருவோம்னு சொன்னா அது கணக்குல வராது. 96 மணி நேரம்ங்கிறதையும் நாலு நாளுன்னு தோராயமா எடுத்துக்காதீங்க, திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு இறங்கினா வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்குள்ள கிளம்பணும், வெள்ளி ராத்திரி ஃபிளைட் போட்டீங்கன்னா அந்த வசதியே உங்களுக்கு இல்ல. டிக்கெட் போடும்போது சிங்கப்பூர் நேரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுதுங்கிறதையும் மனசுல வைங்க.

வெளியவே போகாம ஏர்போர்ட்டுக்குள்ளயே உக்காந்துட்டு அடுத்த ஃபிளைட் ஏறுறதுன்னா எந்த விசாவும் வேண்டாம். சாங்கி உள்ளயே பிள்ளைகளுக்கு பட்டாம்பூச்சி தோட்டம், தூங்க டிரான்சிட் ஹோட்டல் எல்லாம் இருக்கு. ஆனா 2019-ல திறந்த ஜுவல்ங்கிற மால், அந்த 40 மீட்டர் உயர அருவி உள்ளது, இமிக்ரேஷனுக்கு வெளியில, விசாவோ இந்த 96 மணி நேர தகுதியோ இல்லாம அங்க போக முடியாது. இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, அதைக் கவனமா படிங்க. விலை கம்மின்னு ஊர்ல இருந்து சிங்கப்பூர் வரைக்கும் ஒரு கம்பெனியிலயும் அங்கருந்து மேல வேற கம்பெனியிலயும் தனித்தனி டிக்கெட் எடுக்கிறவங்க, பெட்டியை நேரா கடைசி ஊரு வரைக்கும் போட முடியலன்னா சிங்கப்பூர்ல வெளிய வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டி வரும், வெளிய வரணும்னா விசாவோ இந்த 96 மணி நேர தகுதியோ இருந்தே ஆகணும். ஸ்டாப்ஓவரே வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கும் இது பொருந்தும், அதனால முடிஞ்ச வரைக்கும் ஒரே புக்கிங்ல எடுங்க.

சாதாரண விசா எடுக்கிறது பயப்படுற சோலி இல்ல. நம்மளே நேரா போட முடியாது, சிங்கப்பூர் அரசு அங்கீகரிச்ச ஏஜென்ட் மூலமா போடணும், இல்லன்னா சிங்கப்பூர்ல இருக்குற 21 வயசுக்கு மேல உள்ள சிட்டிசனோ பிஆரோ (நிரந்தரவாசி) அவங்களோட சிங்பாஸ், அதாவது அந்த ஊரு அரசு ஆன்லைன் லாகின், வச்சு நமக்காக ஆன்லைன்ல போடலாம். கடையநல்லூர், தென்காசி குடும்பங்களுக்கு இது பெரிய வசதி, தலைமுறை தலைமுறையா அங்க சொந்தக்காரங்க இருக்காவ, மாமாகிட்டயோ சித்தப்பாகிட்டயோ ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது. அரசு ஃபீஸ் ஒரு ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலரு, கிடைக்கலன்னாலும் திரும்ப வராது, ஏஜென்ட் அதுக்கு மேல அவங்க சார்ஜ் வாங்குவாவ, எவ்வளவுன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. ஃபார்ம் 14ஏங்கிற விசா விண்ணப்பம், வெள்ளை பேக்ரவுண்டுல எடுத்த புது போட்டோ, பாஸ்போர்ட் காப்பி, டிக்கெட், தங்குற இடம், பேங்க் ஸ்டேட்மென்ட், பொதுவா இவ்வளவுதான் கேப்பாவ. கடைசி நிமிசத்துல ஓடாம மூணு நாலு வாரம் முன்னாடி கிளம்புங்க.

விசா இருந்தாலும் இல்லாட்டியும், இமிக்ரேஷன் தாண்டி உள்ள போற எல்லாரும் எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூர் வருகை விவரத்தை ஆன்லைன்ல நிரப்புற ஃபார்ம், போடணும். இறங்குற நாளையும் சேத்து மூணு நாளைக்குள்ள, ஐசிஏ வெப்சைட்லயோ மைஐசிஏ ஆப்லயோ, குடும்பம் மொத்தத்துக்கும் சேத்தே போடலாம். இது முழுக்க இலவசம். கூகுள்ல தேடினா மேல வர்ற சில சைட்டு இதுக்கே ஆயிரக்கணக்குல துட்டு கேக்கும், அதுல போய் கார்டு நம்பரை குடுத்துராதீங்க, நம்ம ஆளுங்க உழைச்ச காசு அது. இந்த கார்டு விசா ஆகாதுங்கிறதும் தெரிஞ்சிருக்கட்டும்.

உங்க பேப்பரை முதல்ல பாக்குறது சிங்கப்பூரு ஆபீசரு இல்ல, நம்ம ஊரு ஏர்போர்ட்டுல ஏர்லைன் கவுண்டர்ல நிக்கிற பிள்ளைதான். தகுதி இல்லாதவங்களை ஏத்திட்டு போனா அவங்க கம்பெனிதான் பதில் சொல்லணும், அதனால சந்தேகம் வந்தா போர்டிங் பாஸ் குடுக்க மாட்டாவ. ஆஸ்திரேலியா விசா பாஸ்போர்ட்டுல ஸ்டிக்கரா வராது, மெயில்லதான் வரும், அந்த கிராண்ட் லெட்டரை ஒவ்வொருத்தருக்கும் தனியா பிரிண்ட் போட்டு, அடுத்த ஃபிளைட் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், அரைவல் கார்டு மெயில் எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல வச்சு பெரியவங்க கையிலயே குடுங்க, போன்ல இருக்குன்னு சொல்லி அனுப்பாதீங்க. சிங்கப்பூர் போன பொறவு பாஸ்போர்ட்டுல சீல் அடிக்க மாட்டாவ, எத்தனை நாளு அனுமதிங்கிறது இ-பாஸா மெயிலுக்கு வரும், அதனால மெயில் ஐடி சரியா இருக்கணும், வந்த உடனே தேதியைப் பாத்துருங்க.

பிள்ளைக பாஸ்போர்ட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நமக்கு பத்து வருசம், சின்னப் பிள்ளைகளுக்கு அஞ்சு வருசம்தான், அதனால அப்பா அம்மா பாஸ்போர்ட்டு நல்லா இருக்கும்போதே பிள்ளையோடது ஆறு மாசத்துக்கு கீழ வந்துரும், யாரும் பாத்திருக்க மாட்டாங்க. ரினியூ பண்ண திருநெல்வேலியிலயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கு, ஆனா நம்பர் மாறுறதால பழைய பாஸ்போர்ட்டுல எடுத்த விசாவை புது நம்பருக்கு மாத்தச் சொல்லி அந்தந்த நாட்டுக்கு தெரியப்படுத்தணும், அதுக்கும் நாளு எடுக்கும்.

பெட்டியில என்ன வைக்கக் கூடாதுங்கிறதை வீட்டுல பெட்டி கட்டுற அம்மாகிட்டயே நேரா சொல்லிருங்க. கசகசா வேண்டாம், சிங்கப்பூர்ல அது போதைப்பொருள் தடுப்புத் துறை கட்டுப்பாட்டுல வருது, குருமா மசாலா அரைச்சுக் குடுத்தாலும் கசகசா போடாம அரைங்க. பான் மசாலா, குட்கா, சூயிங்கம், இ-சிகரெட் எதுவும் கூடாது, சிகரெட் ஒண்ணு ரெண்டு இருந்தா கூட டிக்ளேர் பண்ணி வரி கட்டணும். மட்டன் ஊறுகாய், சிக்கன் தொக்கு மாதிரி கறி சாமான் நம்ம நாட்டுல இருந்து கொண்டு போக அனுமதி இல்ல. அல்வா, முறுக்கு, வத்தல் இதெல்லாம் சிங்கப்பூருக்கு பிரச்சினை இல்ல, ஆனா மேல ஆஸ்திரேலியா போறீங்கன்னா அங்க சாப்பாட்டு சாமான் எதுவா இருந்தாலும் அங்க இறங்கும்போது நிரப்புற கார்டுல ஆமான்னு டிக் பண்ணிருங்க. பெரியவங்க தூக்க மாத்திரையோ கோடின் கலந்த இருமல் மருந்தோ சாப்பிடுறவங்களா இருந்தா சிங்கப்பூர் ஹெல்த் சயின்சஸ் அத்தாரிட்டி வெப்சைட்ல அந்த மருந்து பேரைப் போட்டு பாருங்க, சிலதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும். டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும்.

ரெண்டு மூணு நாளுல ஊரைப் பாக்குறது லேசுதான். தமிழ் அங்க நாலு ஆட்சிமொழியில ஒண்ணு, போர்டுல தமிழைப் பாத்ததும் தாத்தாவுக்கு பாதி பயம் போயிரும். எம்ஆர்டி ரயில்ல கான்டாக்ட்லெஸ் கார்டைத் தட்டி போலாம், ஆளுக்கு ஒரு கார்டு வேணும், 90 சென்டிமீட்டருக்கு கீழ உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்ல, ஆனா ரயிலுக்குள்ள தின்னுறதோ குடிக்கிறதோ கூடாது, பிள்ளைகளுக்கு ஏறுறதுக்கு முன்னாடியே குடுத்துருங்க. லிட்டில் இந்தியா பக்கம் தங்கினா வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் சிரங்கூன் ரோட்டுலயே இருக்கு, சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். கார்டன்ஸ் பை த பேங்கிற பெரிய பூங்காவுல ராத்திரி 7.45-க்கும் 8.45-க்கும் மரத்துக்கெல்லாம் லைட்டு போட்டு பாட்டு வைப்பாவ, அது இலவசம்.

எட்டு நாட்டு விசா எதுவுமே இல்லாத குடும்பம், சிங்கப்பூர் விசாவுக்கும் அலைய மனசில்லன்னா, கோலாலம்பூரை யோசிங்க. 2023 டிசம்பர்ல இருந்து இந்தியர்களுக்கு மலேசியா 30 நாளு விசா இல்லாம விடுது, 2026 டிசம்பர் 31 வரைக்கும் அதை நீட்டிச்சிருக்காவ. அங்க மூணாவது நாடு, மணி நேரக் கணக்கு எதுவும் கிடையாது, திரும்புற டிக்கெட்டும், தங்குற இடமும், ஆறு மாசம் பாக்கி உள்ள பாஸ்போர்ட்டும் இருந்தா போதும். இறங்குறதுக்கு மூணு நாளைக்குள்ள மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டு போடணும், அதுவும் இலவசம்தான்.