போர்சலினும் பீங்கானும்

சோழியை இத்தாலியர் 'பொர்செல்லானா' என்பார்கள். சீனாவிலிருந்து வந்த வெள்ளைப் பாத்திரத்தின் வழவழப்பு சோழியை நினைவூட்டவே, அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மார்க்கோ போலோவின் பயண நூலில் இரண்டுக்குமே இந்தச் சொல்தான். பிரெஞ்சில் 'போர்சலேன்' ஆகி, ஆங்கிலம் வழியாக நம்மிடம் 'போர்சலின்' ஆனது.

தமிழில் பீங்கான். இதுவும் வந்த சொல்தான். பாரசீகத்தில் 'பிங்கான்' என்றால் கிண்ணம். இங்கே வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. சிக்கல் வேறு. ஊறுகாய் ஜாடியும் நமக்குப் பீங்கான், கழிப்பறைக் கோப்பையும் பீங்கான். ஜாடியை வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. மெல்லிய போர்சலின் கிண்ணத்தைப் பிடித்தால், பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும்.

பழைய பிரெஞ்சுப் பீங்கானைப் பற்றி எழுத இந்த ஒரு சொல் போதவே போதாது. 1740இல் பாரிசுக்கு அருகே வின்சென்னில் தொடங்கிய பட்டறை 1756இல் செவ்ர் என்ற ஊருக்கு இடம் மாறியது. 1759இல் பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயி அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அப்போது அவர்களிடம் கயோலின் என்ற வெண்களிமண் கிடையாது. கண்ணாடிப் பொருள்களை உருக்கிப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து சமாளித்தார்கள். அதன் பெயர் 'பாத் தாந்த்ர்', மென்மையான பிசைவு. கத்தி பட்டாலே கீறல் விழும். ஆனால் தீட்டிய வண்ணம் மெருகுக்குள் இறங்கி, ஈரம் காயாததுபோல் நிற்கும். அந்த அழகு பின்னால் வந்த எதற்கும் இல்லை என்பது என் எண்ணம்.

1768 வாக்கில் பிரான்சின் லிமோஜ் நகருக்குத் தெற்கே சேன்-தீரியே என்ற ஊரில் கயோலின் கிடைத்தது. நம்மூரில் உவர்மண் போட்டுத் துணி வெளுத்ததுபோல, இந்த வெள்ளை மண் துணி வெளுக்க உதவுமா என்று பார்த்த மருத்துவர் மனைவி ஒருவரால்தான் அது தெரியவந்தது என்பார்கள். அதன்பின் 'பாத் த்யூர்', கெட்டியான பிசைவு. 1771இல் லிமோஜிலும் பட்டறை எழுந்தது.

இந்த இரண்டு பிசைவுகளையும் மென்களிப் பீங்கான், வன்களிப் பீங்கான் என்றே எழுதலாம். எளிதில் புரியும்.

செவ்ர் கலங்களின் அடியில் இரண்டு 'எல்' எழுத்துகள் பின்னியிருக்கும், அரசரின் பெயரெழுத்து. வின்சென்னில் இருந்தபோதே, 1753 முதல், ஆண்டைக் குறிக்க 'ஏ', 'பி' என எழுத்தும் சேர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பலர் இந்த முத்திரையைப் போலியாக இட்டதால், முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. ஆண்டெழுத்து 1760ஐச் சொல்லி, கலம் வன்களிப் பீங்கானாக இருந்தால் அது செவ்ர் அல்ல; அப்போது அவர்களிடம் கயோலினே இல்லையே.