"ஷட்டர் அடிக்கிறது" என்று சொல்லி விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

கேமரா பழுதுபார்க்கும் என்னிடம், இப்படி ஏமாந்து வாங்கிய பழைய ஃபிலிம் கேமரா வருவது இந்த மாதத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டு கேமராக்களையும் ஒன்றும் சொல்லாமல் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது வந்தபோதுதான் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. யாஷிகா மேட் 124ஜி என்ற இரட்டை லென்ஸ் கேமரா. பார்ப்பதற்கு நேற்று பெட்டியைப் பிரித்ததுபோல் பளபளப்பு. கொண்டுவந்த தம்பி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சேர்த்துவைத்த 28,000 ரூபாயைக் கொடுத்து, முகம் தெரியாத ஒருவரிடம் கூரியரில் வரவழைத்திருக்கிறான்.

"ஷட்டர் நன்றாக அடிக்கிறது அண்ணே. நெகட்டிவ்தான் கன்னங்கரேலென்று வருகிறது. கழுவியவர் கெடுத்துவிட்டார் போல."

கழுவியவர் பாவம், அவர் ஒழுங்காகத்தான் கழுவியிருக்கிறார். முன்பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே தையல் மெஷின் எண்ணெய் மினுமினுக்கிறது. விற்றவரோ அவருக்கு முன்னால் விற்றவரோ, ஃபிலிமுக்கு ஒரு கணம் வெளிச்சம் விட்டு மூடும் ஷட்டர் இறுகிப்போயிருக்க, அதில் நாலு சொட்டு விட்டு, 'டிக்' என்று சத்தம் வந்ததும் படமெடுத்து விளம்பரம் போட்டிருக்கிறார். ஷட்டரின் இதழ்கள் தலைமுடிபோல் சன்னமான தகடுகள். அவற்றில் எண்ணெய் படக்கூடாது, ஒரு துளிகூட. ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளைப் பிரிக்க முயன்றிருப்பீர்கள் அல்லவா? அதுதான் அந்த இதழ்களின் கதி.

இந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேரை ஏமாற்றியது இதுதான். லென்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் இந்த வகை ஷட்டர் ஒரு சின்னக் கடிகாரம். 1/500 நொடியில் அது ஸ்பிரிங்கின் வலுவில் மட்டும் பாய்ந்துவிடும். அங்கே பல்சக்கரங்களுக்கு வேலை இல்லை. வேகத்தைக் குறைக்கக் குறைக்கத்தான் பல்சக்கரத் தொகுதி உள்ளே வந்து இதழ்களைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. நாற்பது ஐம்பது வருடத்தில் அந்தச் சக்கரங்களுக்கு இட்ட மசகு பிசினாகிவிடும். அதனால் 1/500-இல் கம்பீரமாக அடிக்கும் அதே ஷட்டர் 1/8-இல் திக்கித் திணறும். ஒரு நொடியில் திறந்தபடியே நின்றுவிடும். விற்பவர் காணொளியில் எந்த வேகத்தை அடித்துக் காட்டுவார்? நீங்களே சொல்லுங்கள். 1/125-க்குக் கீழே இறங்கிக் காட்டிய விளம்பரத்தை நான் மிக அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. சத்தம் வருவது இயந்திரம் அசைந்தது என்பதற்கு அடையாளம். இதழ்கள் சரியான நேரம் திறந்திருந்தன என்பதற்கு அல்ல. தம்பியின் கேமராவில் 1/30 என்று வைத்தால் ஏறக்குறைய 1/8 அளவுக்குத் திறந்து நின்றது. இரண்டு ஸ்டாப் அதிகம், அதாவது நாலு மடங்கு வெளிச்சம்; வெளிச்சம் கூடினால் நெகட்டிவ் கறுக்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிம் அதை ஓரளவு தாங்கும், நெகட்டிவ் இல்லாமல் நேராகப் படமே வரும் ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. காதுக்கு இரண்டும் 'டிக்'தான். முப்பது வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கும் என் காதையே நான் நம்புவதில்லை. உங்கள் காதை நீங்கள் எந்தத் தைரியத்தில் நம்புகிறீர்கள்?

காதை விட்டுவிட்டு போனை எடுங்கள். இப்போதைய பல போன்களில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷன் இருக்கிறது. கேமராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸின் முன்னால் வெளிச்சம் இருக்கும்படி வைத்து, பின்னாலிருந்து ஷட்டரைப் படம்பிடியுங்கள். பிறகு பிரேம் பிரேமாக நகர்த்தி, வெளிச்சம் தெரியும் பிரேம்களை எண்ணுங்கள். ஒரு நொடிக்கு 240, கால் நொடிக்கு 60, 1/15-க்கு 16, 1/30-க்கு 8, 1/60-க்கு 4. அதற்கு மேலான வேகங்களுக்கு இந்த முறை உதவாது. ஆனால் நோய் இருப்பது கீழே என்பதால் இதுவே போதும். ஒன்றிரண்டு பிரேம் கூடக்குறைய இருந்தால் சண்டை போடாதீர்கள். 8 வரவேண்டிய இடத்தில் 30 வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். தொலைவில் இருக்கும் விற்பனையாளரிடம் இந்தக் காணொளியைத்தான் கேட்க வேண்டும். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அதோடு அவர் எடுத்த படங்களின் ஸ்கேனைப் பார்த்து மயங்க வேண்டாம். வெட்டாத நெகட்டிவ் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்யும்போது எல்லாக் குற்றத்தையும் கணினியில் துடைத்துவிடலாம். நெகட்டிவ் பட்டை பொய் சொல்லாது. பன்னிரண்டு சதுரங்களுக்கும் நடுவில் இடைவெளி சமமாக இருக்கிறதா, ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா, ஓரத்தில் வெளிச்சம் ஒழுகிய கறுப்புத் தீற்றல் இருக்கிறதா என்று எல்லாமே அந்த ஒரு படத்தில் தெரிந்துவிடும். கிழக்கு ஜெர்மனியின் பென்டகான் சிக்ஸ், கீவ் நகரத்து ஆலையில் செய்த கீவ் 88 போன்றவற்றை வாங்குகிறவர்கள் இதைக் கேட்காமல் வாங்கவே கூடாது. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது அந்தக் கேமராக்களில் பிரசித்தம்.

அடுத்தது பூஞ்சை. கடற்கரை ஊரில் இருந்துகொண்டு அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியுமா? நம் வீடுகளில் கேமரா எங்கே இருக்கும்? தோல் உறைக்குள், பீரோவில், பட்டுப்புடவைக்குக் கீழே, பாச்சை உருண்டை வாசனையோடு. "பத்திரமாக வைத்திருந்தோம் சார், தொடவே இல்லை" என்பார்கள். தொடாமல் வைத்ததுதான் கெடுத்தது. தோல் உறை ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். காற்றும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஆகவே பளபளக்கும் கேமராவைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. முனைகளில் வண்ணம் தேய்ந்து பித்தளை தெரிய, கல்யாண வீடுகளில் அடிபட்டு உழைத்த ஸ்டூடியோ கேமராவைப் பார்த்தால் நிம்மதி வருகிறது. வாரம் நாலு ரோல் ஓடிய ஷட்டரில் மசகு இறுகியிருக்காது. ஏதாவது கெட்டிருந்தால் ஸ்டூடியோக்காரரே அப்போதே சரிசெய்திருப்பார். அது அவர் பிழைப்பு.

லென்ஸைப் பார்க்கும் முறை எளிது. ஷட்டரை பி-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்துத் திறந்து பிடித்து, லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். தூசி இருக்கும், விடுங்கள். சிலந்தி நூல்போல் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. அதைத் துடைத்துவிடலாம், ஆனால் அது கண்ணாடியின் பூச்சைத் தின்றிருந்தால் அந்தத் தடம் போகாது. பனி மூடியதுபோல் சீராக மங்கலாக இருந்தால் அது பூஞ்சையைவிட மோசம், படத்தில் கறுப்பே வராது. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் வாங்காதீர்கள். முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறலுக்காக நல்ல கேமராவை விட்டுவிடாதீர்கள்.

இதில் உங்களுக்கு லாபமான செய்தியும் உண்டு. இரட்டை லென்ஸ் கேமராவில் மேல் லென்ஸ் பார்ப்பதற்கு மட்டும்தான். படம் எடுப்பது கீழ் லென்ஸ். மேலே பூஞ்சை, கீழே சுத்தம் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். (நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.) ஆனால் கீழே விழுந்த கேமரா என்றால் அந்த இரண்டு லென்ஸும் ஒரே தளத்தில் இருக்காது, கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்தது ஃபிலிமில் மங்கும். லென்ஸ் பலகைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடுக்கில் நாலு மூலையிலும் மடித்த காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நாலிலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யவில்லை என்று அழுகிறவர்களுக்கு ஒரே வரி: 124ஜியின் மீட்டர் பாதரச பேட்டரிக்காகச் செய்தது, அந்த பேட்டரி இப்போது இல்லை. 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் ஆடும், தப்பாக ஆடும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 பேட்டரி கிட்டத்தட்டச் சரியாக வரும். என்னைக் கேட்டால் போனிலுள்ள மீட்டரே போதும்.

சுவீடனின் ஹாசல்பிளாட் கேமராவுக்கு ஆசைப்படுகிறவர்கள் தனி ரகம். "நிலாவுக்குப் போன கேமரா" என்று சொல்லியே விற்கிறார்கள். 1969-இல் நிலாவுக்குப் போனது மோட்டார் பொருத்திய, 70 மி.மீ. ஃபிலிம் ஓடிய வேறு உருப்படி. உங்களுக்கு விற்கப்படும் 500சி/எம் பூமியில் கல்யாணம் எடுத்தது. அது நல்ல கேமராதான், குறை சொல்லவில்லை. அதன் வயதை அறிய ஒரு வழி உண்டு. வரிசை எண்ணுக்கு முன்னால் இருக்கும் இரண்டு எழுத்துகள் தயாரித்த ஆண்டு. வி, எச், பி, ஐ, சி, டி, யு, ஆர், இ, எஸ் என்ற ஆங்கில எழுத்துகள் முறையே 1 முதல் 9, கடைசியில் 0. 'யு சி' என்றிருந்தால் 75, அதாவது 1975. ஃபிலிம் போடும், கழற்றி மாட்டக்கூடிய பின்பெட்டியின் கூட்டிலும் உள்ளே இருக்கும் ஃபிலிம் சட்டத்திலும் எண் ஒத்துப்போகிறதா பாருங்கள்; மாறியிருந்தால் இரண்டு பெட்டிகளை உடைத்து ஒன்று சேர்த்திருக்கிறார்கள். பின்பெட்டியைக் கழற்றும்போது ஃபிலிமை மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடு நுழையும் இடத்து அடைப்பு தேய்ந்திருந்தால் வெளிச்சம் ஒழுகும், அது சின்னச் செலவு. உடலும் லென்ஸும் ஷட்டர் ஏற்றிய நிலையில் இல்லாதபோது லென்ஸைத் திருகிக் கழற்ற முயன்றவர்கள் கொண்டுவருவது பெரிய செலவு. திருப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். தயவுசெய்து.

பழைய ஷட்டர்களில் தானியங்கி டைமர் விசையையும் தொடாதீர்கள். அந்தப் பல்சக்கரத்தை இருபது வருடமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கடை வாசலில் நின்று "இது என்ன" என்று இழுப்பீர்கள், பாதியில் நின்றுவிடும், விற்பவர் உங்களையே வாங்கச் சொல்வார். நடந்திருக்கிறது.

விளம்பர மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். "சோதிக்கப்படவில்லை" என்றால் சோதித்துப் பார்த்தாகிவிட்டது என்று பொருள். "தாத்தாவின் கேமரா, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்பவருக்குச் சந்தை விலை மட்டும் பைசா சுத்தமாகத் தெரிந்திருக்கும். ஜப்பானிலிருந்து விற்பவர்கள் மிக நன்று என்று எழுதி அதன் பின்னால் ஐந்து கூட்டல் குறி போடுவார்கள். கீழே நாலாவது பத்தியில் பூஞ்சை உண்டு என்று நேர்மையாகவே எழுதியிருப்பார்கள். படிக்காதது நீங்கள். சுங்கவரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஃபிலிம் அளவில் ஏமாறுகிறவர்களும் உண்டு. 120 ரோல் 1901-இல் வந்தது, இன்றும் கிடைக்கிறது. 620 என்று எழுதிய பழைய கோடாக் கேமராக்களில் அதே ஃபிலிம்தான், சுருள் மட்டும் ஒல்லி. 120 உள்ளே போகாது, இருட்டில் மாற்றிச் சுற்றவேண்டும். 120-ஐப்போல் இரு மடங்கு நீளமான 220 ரோலுக்கான பின்பெட்டி மலிவாகக் கிடைக்கும், காரணம் அந்த ரோல் இப்போது குதிரைக்கொம்பு.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது யாஷிகா டி. ஷட்டரைக் கையால் ஏற்றவேண்டும், மீட்டர் கிடையாது, கெடுவதற்கு உள்ளே அதிகம் இல்லை. யாஷிகோர் என்று எழுதியிருந்தால் மூன்று கண்ணாடி லென்ஸ், யாஷினான் என்றால் நான்கு. இரண்டிலும் நல்ல படம் வரும். தோள் வலிக்காது என்றால் மாமியா சி330. லென்ஸை முன்பின் நகர்த்த விரிந்து சுருங்கும் பெல்லோஸின் மடிப்புகளை மட்டும் இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்துப் பாருங்கள், ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. மின்னணுச் சுற்றை நம்பி ஓடும் காண்டாக்ஸ் 645 போன்றவை அழகானவை. சர்க்யூட் போய்விட்டால் என்னிடம் கொண்டுவராதீர்கள், உதிரிபாகம் இல்லாமல் நான் செய்ய ஒன்றுமில்லை. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 வீட்டுப் பரணில் கிடந்தால் முதலில் அதில் இரண்டு ரோல் ஓட்டுங்கள். 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படம் அதிலும் வரும். சதுரத்தில் பார்க்க உங்களுக்குப் பிடிக்கிறதா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும்.

எதை வாங்கினாலும் கையிலிருக்கும் பணம் முழுவதையும் கேமராவுக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைச் சர்வீசுக்கு ஒதுக்குங்கள். ஒரு ரோல் வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்ய ஆயிரத்துக்கு மேல் ஆகிறது. கெட்ட ஷட்டரில் நாலு ரோலை வீணாக்கிவிட்டு வருகிறவர்கள் அந்தக் காசிலேயே சர்வீசை முடித்திருக்கலாம். வாங்கிய பிறகு தோல் உறையைத் தனியாக வைத்துவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசி டப்பாவில் வைக்காதீர்கள். போன வருடம் ஒரு ரோலிகார்டின் பல்சக்கரத்துக்குள்ளிருந்து நொய் எடுத்தேன்.

அந்தத் தம்பியின் யாஷிகாவில் இதழ்களை லைட்டர் பெட்ரோலில் மூன்று முறை கழுவியாகிவிட்டது. இரண்டாவது முறைவரை எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. இன்று காலை ஒரு நொடிக்கு 236 பிரேம் வந்தது, 1/30-க்கு 8. கீழ் லென்ஸின் ஓரத்தில் பூஞ்சைத் தடம் ஒன்று இருக்கிறது, அது அப்படியேதான் இருக்கும். 28,000 கொடுத்தவனிடம் என் கூலியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இன்னும் போன் செய்யவில்லை.