டர்போசார்ஜர் என்றால் சுழலியூட்டி: முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய காருக்கு எது சரி?

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவிதான் டர்போசார்ஜர். அந்தச் சொல்லில் எல்லோருக்கும் பிடித்தது முதல் பாதிதான். டர்போ என்றாலே வேகம் என்று மனதில் பதிந்துவிட்டது, அதனால் காருக்குச் சம்பந்தமே இல்லாத பொருள்களின் மேலும் அந்தப் பெயரை ஒட்டி விற்கிறார்கள். ஆனால் தினமும் தெருவில் ஓட்டும் ஒரு சிறிய காருக்கு, அதுவும் முன்சக்கரங்களே இழுக்கும் காருக்கு, எந்த டர்போ போடலாம் என்று யோசிக்கும்போது உதவுவது இரண்டாம் பாதிதான். சார்ஜர் என்ற அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் தேர்வில் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் டர்போ. இது லத்தீன் சொல், பொருள் சுழற்காற்று. பம்பரத்துக்கும் அதே சொல்தான். வேகம் என்ற பொருள் அதில் இல்லை, சுழற்சிதான் இருக்கிறது. 1822-இல் கிளோத் பூர்தன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இந்த வேரிலிருந்துதான் டர்பைன் என்ற பெயரை உருவாக்கினார், நீரோட்டத்தால் சுழலும் சக்கரத்துக்கு. தமிழில் டர்பைனுக்குச் சுழலி, விசையாழி என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஆழி என்றால் சக்கரம், ஆகவே விசையாழியும் நல்ல சொல்தான். இன்னொரு சொல்லோடு ஒட்டும்போது நீளாமல் இருப்பதால் இங்கே சுழலியை எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் சார்ஜ். இதன் அடியில் இருப்பது வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல். வண்டியில் பாரம் ஏற்றுவது என்ற பொருளில் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. துப்பாக்கியில் மருந்து கிட்டிப்பதும் பேட்டரியில் மின்சாரம் ஏற்றுவதும் அந்தப் பொருளின் கிளைகளே. இன்ஜின்காரர்கள் சார்ஜ் என்று சொல்வது ஒவ்வொரு உள்ளிழுப்பின்போதும் சிலிண்டருக்குள் போய் நிறையும் காற்றை, அல்லது காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை. இதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. ஆகவே போன் சார்ஜருக்கு நாம் சொல்லும் மின்னேற்றியை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் பொருள் முழுக்கக் கெட்டுவிடும்.

எனக்குச் சரியாகப் படுவது ஊட்டி. உண் என்பது தன்வினை, ஊட்டு அதன் பிறவினை. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தால் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் சாதாரண இன்ஜின் உண்கிறது. வெளியிலிருந்து அழுத்தித் திணிக்கப்படும் இன்ஜினுக்கு ஊட்டப்படுகிறது. இரண்டு வகை இன்ஜினுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு வினைச்சொல்லிலேயே அடங்கிவிடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சூப்பர்சார்ஜர் மிகையூட்டி, டர்போசார்ஜர் சுழலியூட்டி. ஊட்டும்போது ஏறும் அழுத்தம், அதாவது பூஸ்ட், ஊட்டழுத்தம்.

மிகையூட்டி என்பது பொதுப்பெயர், சுழலியூட்டி அதன் ஒரு வகை. பெல்ட் வழியாக இன்ஜினே சுற்றிவிட்டால் அது சாதாரண மிகையூட்டி. வெளியேறும் சூடான புகை ஒரு சுழலியைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் அமுக்கி காற்றை அழுத்தி உள்ளே அனுப்பினால் அது சுழலியூட்டி. ஆரம்பத்தில் டர்போசூப்பர்சார்ஜர் என்று முழுதாகவே சொன்னார்கள், நடுவில் இருந்த சூப்பர் பிறகு உதிர்ந்துவிட்டது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த கார்களில் முதலில் ஏறியது 1962-இல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரிலும் செவ்ரொலே கோர்வேரிலும். நம் பேச்சுக்கு நெருக்கமான கார் அதன் பிறகு வந்த ஸாப் 99 டர்போ: முன்சக்கரங்கள் இழுப்பது, 2 லிட்டர் இன்ஜின், 145 குதிரைத்திறன். உச்சியில் ஒரு பெரிய எண்ணைக் காட்டுவதற்குப் பதிலாக, அன்றாட ஓட்டத்துக்குத் தேவைப்படும் நடுத்தர இன்ஜின் சுற்றுகளில் இழுவை கிடைக்கும்படி சிறிய டர்போவை வைத்து, மிஞ்சும் புகையை வேஸ்ட்கேட் என்ற வால்வு வழியாகச் சுழலியைத் தொடாமல் திருப்பிவிட்டார்கள். இன்றைக்கும் தெருக் காருக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை என்பேன்.

சரி, ஊட்டுவது என்றால் எவ்வளவு என்று கேட்க வேண்டும். 1.6 லிட்டர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும், அதனால் நிமிடத்துக்கு 6500 சுற்றில் 5200 லிட்டர் வருகிறது. சிலிண்டர் 90 சதவீதம் நிறைகிறது என்று வைத்தால் 4680 லிட்டர். ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம், ஆக நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.6 கிலோ. இது தானே உண்ணும்போது. ஒரு பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம். அதற்கு மேல் 0.7 பார் ஊட்டழுத்தம் கொடுத்தால் அழுத்த விகிதம் 1.7; அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைத் தாண்டியும் காற்று கொஞ்சம் சூடாகவே வரும் என்று கழித்துப் பார்த்தால் சுமார் 8.8 கிலோ கிடைக்கும். பெட்ரோல் இன்ஜினில் நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்றுக்கு ஏறத்தாழ 22 குதிரைத்திறன் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 190-ஐ ஒட்டி வரும்.

இந்த இரண்டு எண்களையும், 1.7 விகிதத்தையும் 8.8 கிலோவையும், டர்போ தயாரித்த நிறுவனம் தரும் அமுக்கி வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். அதில் காற்றின் அளவு கிடையாகவும் அழுத்த விகிதம் செங்குத்தாகவும் இருக்கும். வரைபடத்தின் இடது எல்லைக்கு வெளியே போனால் காற்று திரும்பி அடிக்கும், அதைத்தான் சர்ஜ் என்கிறார்கள். வலது எல்லையில் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதற்கு மேல் காற்று போகாது, சூடுதான் ஏறும். புள்ளி நடுவில் உள்ள நல்ல திறன் வளையங்களுக்குள் விழ வேண்டும். அந்த ஒரு புள்ளியோடு நிறுத்தாமல் 3000 சுற்றுக்கும் 4500 சுற்றுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் தெருவில் இன்ஜின் பெரும்பாலும் அங்கேதான் ஓடுகிறது. "எத்தனை பார் பூஸ்ட்" என்று மட்டும் கேட்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, அழுத்தம் வேறு, அளவு வேறு. ஒரே 0.7 பாரை ஒரு சிறிய டர்போ மூச்சு முட்டச் சூடான காற்றாகவும், சற்றே பெரியது குளிர்ந்த அடர்ந்த காற்றாகவும் கொடுக்கும். சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை இரண்டிலும் ஒன்றாக இருக்காது.

அளவுக்கு அடுத்து, எப்போது ஊட்டுவது. முன்சக்கரக் கார் தனிக் கவனம் கேட்பது இங்கேதான். காரைத் திருப்புவதும் முன்சக்கரம், இழுப்பதும் முன்சக்கரம். ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் எடை பின்பக்கம் சாய்கிறது, அதாவது பிடிப்பு அதிகம் வேண்டிய நேரத்தில் முன் டயர் இலேசாகிறது. பெரிய டர்போவைப் போட்டால் 4000 சுற்று வரை ஒன்றும் நடக்காது, பிறகு முறுக்குவிசை ஒரே தாவாகத் தாவும், முன் டயர் வழுக்கும். இடது வலது ஆக்ஸில்கள் சம நீளத்தில் இல்லாத கார்களில் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும், இதற்கு டார்க் ஸ்டியர் என்று பெயர். ஈரச் சாலை வளைவில் அப்படி நடந்தால் ஆபத்து. மிகச் சிறியதும் சரிவராது, 2000 சுற்றிலேயே முழு அழுத்தத்தையும் கொட்டி முதல் கியரில் டயரைத் தேய்த்துவிட்டு 5500-க்கு மேல் சோர்ந்துவிடும். வேண்டியது, 2500 வாக்கில் தொடங்கி 3500-க்குள் மெதுவாக ஏறி, ரெட்லைன் வரை, அதாவது இன்ஜினுக்கு அனுமதித்த உச்ச சுற்று வரை, தாங்கும் ஊட்டல். கியருக்குத் தக்கபடி ஊட்டழுத்தத்தை மாற்றும் கட்டுப்பாடும், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு விசை போகச் செய்யும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் வைக்க முடிந்தால் இன்னும் 30 குதிரைத்திறன் சேர்ப்பதைவிட அவற்றுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

இந்த நேரத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு சுழலியைச் சுற்றியிருக்கும் கூட்டுக்கு. விவரத் தாளில் ஏ/ஆர் என்று போட்டிருப்பார்கள். கூட்டுக்குள் புகை ஓடும் பாதையின் குறுக்குப்பரப்பை, தண்டின் மையத்திலிருந்து அந்தப் பரப்பின் மையம் வரை உள்ள தூரத்தால் வகுத்தால் வருவது அது. எண் சிறியதாக இருந்தால் புகை வேகமாகப் பாய்ந்து சுழலி சீக்கிரம் சுற்றும், ஆனால் உயர் சுற்றில் புகை வெளியேற முடியாமல் தேங்கும். பெரியதாக இருந்தால் நேர்மாறு. டர்போ தயாரிக்கும் கேரட் நிறுவனத்தின் ஜிடி2554, ஜிடி2860 போன்ற பெயர்களில் முதல் இரண்டு இலக்கம் டர்போவின் குடும்ப அளவு, கடைசி இரண்டு அமுக்கிச் சக்கரத்தின் வெளிவிட்டம் மில்லிமீட்டரில். சக்கரம் பெரிதாகப் பெரிதாக அதைச் சுற்றிவிட அதிகப் புகை வேண்டும், 1.6 லிட்டரில் அவ்வளவு புகை சீக்கிரம் வராது.

தண்டைத் தாங்கும் பேரிங்கிலும் இரண்டு வகை. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் ஜர்னல் பேரிங் விலை குறைவு, பழுது பார்க்க எளிது. பால் பேரிங் சீக்கிரம் சுற்றத் தொடங்கும், விலை கூடுதல். எதுவானாலும் சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டிப் போகும், எண்ணெய் ஒரு கணம் நின்றாலும் தாங்காது. பயன்படுத்திய டர்போவை வாங்குவதாக இருந்தால் தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஜர்னல் பேரிங்கில் பக்கவாட்டில் சிறிது அசைவு இருப்பது இயல்பு, முன்னும் பின்னுமாக அசைவது கைக்குத் தெரிந்தாலோ சக்கரத்தின் நுனி கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ வாங்காதீர்கள்.