நியூமேட்டிக்: தமிழில் என்ன சொல்லலாம்?

பட்டறையில் யாரும் ‘நியூமேட்டிக்’ என்று சொல்வதில்லை. ஏர் டூல், ஏர் கன் என்பதே பேச்சு. நியூமேட்டிக் என்பது கையேட்டிலும் பாடநூலிலும் வரும் பெயர். அழுத்தி அடைத்த காற்றை விரியவிட்டு வேலை வாங்கும் கருவிகளுக்கான அடைமொழி அது. நட்டு கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச், உலோகம் தேய்க்கும் கிரைண்டர், ஆணி அடிக்கும் நெய்லர் எல்லாம் இதில் அடங்கும்.

மூலம் கிரேக்கம். ‘ப்நியூமா’ என்றால் காற்று, மூச்சு, உயிர். கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோன், காற்றாலும் நீராவியாலும் இயங்கும் பொறிகளை விவரித்த நூலின் பெயரே ‘நியூமாட்டிகா’.

தமிழில் இதற்கு ஈடாக நிற்கும் சொல் வளி. ஐம்பூதங்களில் ஒன்றாக ‘நிலம் தீ நீர் வளி விசும்பு’ என்கிறது தொல்காப்பியம். ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்னும் குறளில் (941) அதே வளி வாதமாக உடலுக்குள் இருக்கிறது. புறநானூற்றின் 66ஆம் பாட்டோ கடலில் கப்பல் ஓட்டிய சோழனின் முன்னோனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறது. காற்றை வேலை வாங்குவதற்கு இதைவிடச் சுருக்கமான தொடர் எனக்குத் தெரியவில்லை. ஆகவே நியூமேட்டிக்ஸ் என்னும் துறைக்கு ‘வளியியக்கவியல்’ பொருந்தும்.

கருவிக்குப் பலர் ‘காற்றழுத்தக் கருவி’ என்று எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. காற்றழுத்தம் என்றதும் வானிலை அறிக்கைதான் நினைவுக்கு வரும். காற்றழுத்தமானி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ‘அழுத்தக் காற்றுக் கருவி’ என்றால் குழப்பமில்லை. கம்ப்ரசருக்குக் ‘காற்றமுக்கி’ நன்றாகவே இருக்கிறது. இலங்கையில் அழுத்தத்தையே அமுக்கம் என்பார்கள். தாழமுக்கம் அங்கே அன்றாடச் சொல்.

‘காற்றுதானே’ என்கிற அலட்சியத்துக்கும் ‘அழுத்தக் காற்று’ என்ற பெயர் இடம் கொடுக்காது. காற்றமுக்கியை நிறுத்தினாலும் தொட்டியிலும் ஹோஸிலும் அழுத்தம் அப்படியே நிற்கும். சாக்கெட்டையோ பிளேடையோ மாற்றுமுன் வால்வை மூடி, கருவியின் விசையை (ட்ரிகரை) அழுத்தி மிச்சக் காற்றை வெளியேற்றி, பிறகு ஹோஸைக் கழற்ற வேண்டும். உடம்புத் தூசியை ஏர் கன்னால் ஊதிக்கொள்வது பல இடங்களில் பழக்கம். தோலில் உள்ள காயத்தின் வழியே காற்று ரத்தக் குழாய்க்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் எப்போதும் வேண்டும்.

கருவி சோர்ந்து ஓடினால் உடனே ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தை ஏற்றுவார்கள். தவறு அங்கேதான். அழுத்தம் வேறு, பாய்வு (நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வருகிறது என்பது) வேறு. பெரும்பாலான கைக்கருவிகள் கேட்பது சுமார் 90 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), அதாவது 6.2 பார். அதுவும் கருவியின் வாயிலில், கருவி ஓடும்போது. தொட்டி மீட்டர் 120 காட்டினாலும் மெலிந்த நீள ஹோஸும் கசியும் கப்ளரும் (ஹோஸ் இணைப்பியும்) வழியிலேயே அதைத் தின்றுவிடும். முதலில் ஹோஸின் விட்டத்தையும் கசிவையும் பாருங்கள். சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அளவுக்கு மீறி அழுத்தம் ஏற்றினால் கிரைண்டர் வேகம் வரம்பைத் தாண்டி வட்டு சிதறலாம். ஹோஸில் குறையில்லை என்றால் எண்ணெய்ப் பசையைப் பாருங்கள்: எண்ணெய் தேவைப்படாத ஆயில்லெஸ் வகையாக இல்லாவிட்டால், வேலை தொடங்குமுன் காற்று வாயிலில் ஏர் டூல் ஆயில் சில சொட்டு விட வேண்டும்.

காற்று வெளியேறும் துளையில் வெண்பனி படிந்தால் கருவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். விரியும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் உறைகிறது. தொட்டியின் அடிவால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, ஃபில்டர் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள்.