மச்சானுக்குக் கேட்ட வசனம்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். புதுப்படம் ஒன்றை அவர் தன் ஊரிலேயே பார்த்தார். அவருடைய மச்சான் அதே படத்தைக் கும்பகோணத்தில் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்கு எல்லோரும் கூடியபோது சண்டை மூண்டுவிட்டது. "வசனமே புரியல. சண்டை வர்ற இடமெல்லாம் வாயசைக்கிறாங்க, அவ்வளவுதான்" என்று இவர் சொல்ல, "ஒரு வார்த்தை விடாம எனக்குக் கேட்டுச்சு. ஒரு நல்ல டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்க அத்தான்" என்றாராம் மச்சான். படம் சுமார் என்கிறார் இவர். வசனத்துக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம் என்கிறார் அவர். கடைசிக் காட்சியில் கதாநாயகன் வில்லன் காதோடு சொல்வது என்ன என்பதில்கூட இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

"அதே படம், அதே ஒலிப்பதிவு. எங்கள் இருவரில் யார் பொய் சொல்கிறோம்?" என்று கேட்டிருக்கிறார். படத்தின் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். ரசிகர்களைப் பற்றிய பயம் போலிருக்கிறது.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு வயலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊர். குறுவைக்கு நாற்றங்கால் விட்டு மூன்றாம் நாள். ஆற்றில் தண்ணீர் இன்னும் வரவில்லை, வாய்க்கால் பள்ளத்தில் கிடந்ததை ஆயில் என்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தோம். நான் மண்வெட்டியோடு என்ஜின் பக்கத்தில் நிற்கிறேன். தாத்தா எதிர் வரப்பிலிருந்து கையை ஆட்டிக் கத்தினார், "மடைய கட்டு!" நான் ஓடிப்போய் மடையை வெட்டிவிட்டேன். முளைகட்டி விட்ட விதையெல்லாம் மிதந்து ஒரு மூலையில் போய் ஒதுங்கியது. "உனக்குக் காதா இருக்கு, மண்ணாங்கட்டியா இருக்கு?" என்று அவர் கேட்டது மட்டும் என்ஜின் சத்தத்தையும் தாண்டித் தெளிவாகக் கேட்டது. அதற்கு அவர் என் காதுமடலைப் பிடித்திருந்ததும் ஒரு காரணம்.

தாத்தாவின் குரல் எனக்கு எட்டாமல் இல்லை. அவர் ஏதோ கத்துகிறார் என்பதும், கடைசியில் வந்த "ட்டு"வும் நன்றாகவே கேட்டன. 'கட்டு'வுக்கும் 'வெட்டு'க்கும் வித்தியாசம் முன்னால் இருக்கும் ஓர் எழுத்துத்தானே. என்ஜின் தின்றது அந்த ஓர் எழுத்தை.

பேச்சில் சத்தத்தைச் சுமப்பவை உயிர்கள், பொருளைச் சுமப்பவை பெரும்பாலும் மெய்கள். 'ஆ' என்று எவ்வளவு நேரமும் கத்தலாம். 'க்' என்று கத்திப் பாருங்கள், முடியாது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெடித்து அடங்கிவிடும் ஒலி அது. பல மெய்களுக்கு 'ஆ'வின் ஆற்றலில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. போதாக்குறைக்கு அவை அதிர்வெண் ஏணியின் மேற்படிகளில் உட்கார்ந்திருக்கின்றன. ஆணின் குரல்நாண் நொடிக்கு நூறு, நூற்றைம்பது தடவை அதிர்கிறது என்றால், 'ஸ்' என்ற சீறலின் பலம் நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு நாலாயிரம் அதிர்வுக்கு மேலே இருக்கிறது. தொலைபேசிக்காரர்கள் நெடுங்காலம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் அனுப்பினார்கள். அதனால்தான் போனில் பெயர் சொல்லும்போது 'சரவணனுக்கு வர்ற ச' என்று விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, மெய்கள் மேலே இருக்கின்றன, என்ஜினின் உறுமல் கீழே இருக்கிறது. தியேட்டரிலும் வசனத்தின் மெய்கள் மேலே, பின்னணி இசையில் பாஸ் (bass) என்கிற கனத்த தாழ்ந்த ஒலி கீழே. இரண்டும் வேறு வேறு படிகளில் இருக்கையில் கீழே இருப்பது மேலே இருப்பதை எப்படித் தின்னும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் போவோம்.

செவிப்பறை, மூன்று சிற்றெலும்புகள், காக்ளியா. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்ததுதான். காக்ளியா என்ற நத்தைச்சுருளைச் சுருள் பிரித்து நீட்டினால், உள்ளே சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சவ்வு ஓடுகிறது. நாலைந்து நெல்லை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த நீளம். அதன் மேல்தான் ஒலியை நரம்புக்குச் சொல்லும் உணர்மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. இந்தச் சவ்வை ஒரு பாசன வாய்க்காலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒலி உள்ளே நுழையும் இடம் தலைமடை. அங்கே சவ்வு குறுகலாக, இறுக்கமாக இருக்கிறது. போகப் போக அகன்று, தளர்ந்து, சுருளின் உச்சியில் கடைமடை. இறுக்கமான தலைமடை வேகமான அதிர்வுக்கு, அதாவது கீச்சொலிக்கு ஆடும். தளர்ந்த கடைமடை மெதுவான அதிர்வுக்கு, உறுமலுக்கு ஆடும். ஒவ்வொரு சுருதிக்கும் அதற்கென்று ஒரு வயல் இருக்கிறது.

ஆனால் எல்லாத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில்தானே வந்தாக வேண்டும்? கல்லணையில் திறந்த தண்ணீர் பேராவூரணிக் கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் வழியில் இருக்கும் அத்தனை வயல் ஓரமாகவும் போகணும். காதிலும் அப்படித்தான். கீச்சொலியின் அலை தலைமடையிலேயே எழும்பி, உச்சம் தொட்டு, அங்கேயே பொத்தென்று விழுந்துவிடுகிறது. கடைமடைக்கு அது வந்ததே தெரியாது. உறுமலின் அலையோ தலைமடையில் நுழைந்து, ஒவ்வொரு வயலையும் ஆட்டிக்கொண்டே நடந்து, கடைசியில் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து பெரிதாக எழும்புகிறது. ஆக, பாஸ் தன் வீட்டுக்குப் போகும் வழியில் மெய்யெழுத்துகளின் வாசலை மிதித்துவிட்டுப் போகிறது. மெய்யெழுத்துக்குப் பாஸின் வீடு எங்கிருக்கிறது என்றே தெரியாது. டெல்டாவில் காலாகாலமாகக் கடைமடைக்காரர்தான் கஷ்டப்படுகிறார். காதில் மட்டும் தலைமடைக்காரர் பாடு திண்டாட்டம்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. உணர்மயிர்ச் செல்களில் வெளிவரிசையில் இருப்பவை கேட்பதோடு நிற்பதில்லை, வேலையும் செய்கின்றன. அதிர்வு வந்ததும் அதே தாளத்தில் நீண்டு, சுருங்கி, சவ்வை உந்தித் தள்ளுகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதைப் போல. 1980-களில் இப்படி ஒரு செல்லைத் தனியே எடுத்து, பாட்டை மின்சாரமாக மாற்றிக் கொடுத்தபோது, அது தாளத்துக்கு ஏற்ப நெளிந்து ஆடியதைப் படம் பிடித்திருக்கிறார்கள். முதன்முறை பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மெல்லிய ஒலியை இந்தச் செல்கள், சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், 40, 50 அளவுக்குத் தூக்கிவிடுகின்றன. சத்தம் கூடக்கூட உதவியைக் குறைத்துக்கொள்கின்றன. எனவே வசனத்தைப் பத்து டெசிபல் ஏற்றினால் அதன் சொந்த வயலில் ஆட்டம் இரண்டு மூன்று டெசிபல்தான் கூடும்.

வழிப்போக்கனாக வரும் பாஸ் கதை வேறு. ஓர் அலை தன் சொந்த வயலை நெருங்கும்போதுதான் இந்த உந்தல் கிடைக்கும். தலைமடையில் பாஸுக்கு உதவியும் இல்லை, ஆகவே குறைக்க எதுவும் இல்லை. பத்து டெசிபல் ஏற்றினால் ஆட்டமும் பத்து கூடும். பாஸ் பத்து ஏறினால், அதற்கு ஈடுகட்ட வசனத்தை இருபது, சில சமயம் அதற்கு மேலேயும் ஏற்ற வேண்டியிருப்பது இதனால்தான். மொத்தச் சத்தத்தையும் ஒன்றாக ஏற்றினால் தோற்பது வசனம். 'புல் வால்யூம் வச்சும் புரியல' என்று புலம்புகிறோமே, வால்யூமை அப்படி வைத்ததால்தான் புரியவில்லை. இரைச்சல் மிகுந்த ஆலைகளில், நல்ல காதுள்ள தொழிலாளி காதடைப்பான் போட்டுக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் பேச்சு முன்னைவிடத் தெளிவாகப் புரிவதும் உண்டு.

காதுக்குள் அலை நடப்பதை முதலில் கண்ணால் பார்த்தவர் ஹங்கேரிக்காரரான பெக்கெஷி. இறந்தவர்களின் காக்ளியாவைத் திறந்து, வெள்ளித் துகளைத் தூவி, விட்டு விட்டு மின்னும் வெளிச்சத்தில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தார். 1961-இல் நோபல் பரிசு வந்தது. இந்த வேலையை அவர் தொடங்கிய இடம் புடாபெஸ்டில் தபால் துறையின் தொலைபேசி ஆய்வுக்கூடம். ஒரு தபால் துறை, தன் ஊழியர் பிணத்தின் காதை நோண்டிக்கொண்டிருப்பதை அனுமதித்து, சம்பளமும் கொடுத்திருக்கிறது! நம்மிடம் அப்படி ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தால் 'இதனால் மூன்று ஆண்டில் என்ன பயன்?' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வார்கள். ல, ள, ழ மூன்றையும் காது எப்படிப் பிரிக்கிறது, எந்த இரைச்சலில் எது முதலில் காணாமல் போகிறது என்று ஆராய்வதற்குத் தமிழைவிடத் தோதான மொழி வாய்க்காது. செம்மொழி விழாவுக்குப் பந்தல் போடும் செலவில் ஒரு பங்கை இதற்குத் தந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு சத்தத்தால் இன்னொரு சத்தத்தை மூடும் இந்த வித்தை நம் ஊரில் அறிவியலுக்கு முன்பே தெரிந்திருந்தது. தாலி கட்டும் நேரத்தில் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று விரலை ஆட்டுகிறார்களே, எதற்கு? அந்த நொடியில் யாராவது தும்மினாலோ, அபசகுனமாக ஒரு சொல் விழுந்தாலோ காதில் படக்கூடாது என்பதற்கு. தும்மலால் எந்தக் கல்யாணமும் கெட்டுப்போகாது. மாமியார் வாயால் கெட்டதை வேண்டுமானால் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஏற்பாட்டின் பொறியியலுக்குக் கும்பிடு போடலாம். தும்மல் கீழிருந்து மேல் வரை எல்லா அதிர்வெண்ணிலும் பரவும் ஒலி. அதை மூட, பூவரசங்கழியால் அடிக்கும் தவிலின் தொப்பிப் பக்கம் கீழே, விரல்கூடு போட்டு அடிக்கும் வலந்தலைப் பக்கத்தின் சுளீர் மேலே, நரசிங்கம்பேட்டை நாயனம் நடுவிலும் மேலும். ஒரு வயலையும் விட்டுவைக்கவில்லை.

இப்போது தியேட்டருக்கு வருவோம். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. திரையில் இருக்கும் பொடி ஓட்டைகள் அதற்காகத்தான். ஒலி வந்து சேரும் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. டால்பி முறையில் ஃபேடர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, 7-இல் இருக்கும்போது திரைப்பக்க ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் சோதனை இரைச்சலை 85 டெசிபலில் தர வேண்டும். படத்துக்கு ஒலி கலப்பவரும் அதே 7-இல் கேட்டுத்தான் கலக்கிறார். அவர் உட்காரும் அறை எதிரொலி அடக்கப்பட்டது. அதோடு அந்த வசனத்தை அவர் நூறு தடவை கேட்டவர். அவருக்கு என்ஜினே ஓடினாலும் 'கட்டு' கட்டாகத்தான் கேட்கும். ஊருக்கு வந்ததும், பாஸுக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கரான சப்-ஊஃபரை மட்டும் 'ஜனங்களுக்கு அதிரணும் சார்' என்று ஏற்றிவைக்கிற ஆபரேட்டரை எனக்கே தெரியும்.

மீதி, மண்டபத்தின் வேலை. எதிரொலி நீண்டால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறும். 1890-களில் ஹார்வர்டில் சாபின் என்ற இளைஞர் இரவோடு இரவாக இருக்கை மெத்தைகளைச் சுமந்துபோய் அறையில் பரப்பி, எவ்வளவு மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். மனித உடம்பும் நல்ல மெத்தைதான். நிறைந்த அரங்கு எதிரொலியை விழுங்கும், காலி அரங்கு திருப்பித் தரும். ரெக்ஸின் சீட் போட்ட பழைய அரங்கானால் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

வாசகரின் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அவர் போனது செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்கு. 'இருபது பேர் இருந்தால் அதிகம்', 'காற்று வரட்டும் என்று சுவரோரச் சீட்டில் உட்கார்ந்தேன்' என்று அவரே எழுதியிருக்கிறார். சுவரோரம் என்றால் பக்கவாட்டு ஸ்பீக்கர் தலைக்கு மேல் என்று அர்த்தம். இசை பக்கத்தில், வசனம் தூரத்தில். மச்சான் போனது சனிக்கிழமை இரவு, அரங்கு நிறைந்த காட்சி, நடுவரிசை. இன்னொன்று, வாசகருக்கு ஐம்பத்தாறு வயது, மச்சானுக்கு முப்பத்தொன்று. வயது ஏறும்போது காதில் முதலில் காய்வது தலைமடைதான். டாக்டர் யோசனை அவ்வளவு மோசமில்லை.

அடுத்த தடவை இருவரும் சேர்ந்து போங்கள். கூட்டமான காட்சியாக, நடுவில், கொஞ்சம் பின்தள்ளி உட்காருங்கள். கடைசிக் காட்சியில் காதோடு சொல்வது என்ன என்று என்னையும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்காகவே போன வாரம் தஞ்சாவூரில் பார்த்தேன். நல்ல அரங்கு, நல்ல சீட். பின்னணி இசை உச்சத்தில் இருந்தது. எனக்குக் கேட்டது '...ட்டு' மட்டும்தான்.